ரயில் சாகும்வரை சைவம்!

டிங்!

மணி ஒரு தட்டு தட்டியது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடம் முடிந்தால் ஒரு தட்டு. மூன்றாவது முடிந்தால் இரண்டு தட்டு. அதற்கு மேல் மைக் செத்துவிடும்.

இன்றைக்கு மைக்குக்கு முன்னால் நின்ற மனிதரே செத்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் தெரியவில்லை.

"பேசுங்கண்ணே! ஏன் ஊமை மாதிரி நிக்கறீங்க?"

"அந்த ரயில்காரனுங்களை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேளுங்கண்ணே!"

ஜுவாங் ஜின்ஃபா. வயது அறுபத்திரண்டு. யோங்ஷுன் சாலையில் முப்பது வருடமாக ஸ்கூட்டர் மெக்கானிக். அந்தச் சாலையின் நடுவே இலகு ரயில் ஓடவே கூடாது என்று எட்டு மாதமாக ஊரைக் கூட்டிய கடைக்காரர் சங்கத்தின் தலைவர். இரண்டு நிமிடமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்... ஒரு வார்த்தை இல்லை.

மாட்ஸு அம்மன் கோயிலை ஒட்டிய வார்டு மண்டபம். இடது பக்கம் மஞ்சள் பட்டை கட்டிய கடைக்காரர்கள். வலது பக்கம் அதே சாலையில் செத்துப்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்த, ரயில் கேட்கும் பெற்றோர். நடுவில் ரெண்டு பக்கமும் திட்டு வாங்கும் நகராட்சிக்காரர்கள். மதியச் சாப்பாட்டு வாசனை இன்னும் போகவில்லை.

ஜுவாங்கின் உதடு அசைந்தது.

"முப்பத்தொண்ணு..."

கூட்டம் காதைத் தீட்டியது.

"முப்பத்தொண்ணு... இதுக்கு மேல..."

கடைவாயில் நுரை! கால்கள் மடிந்தன! மைக்கோடு சரிந்தார்!

டிங்! டிங்!

நேரம் பார்க்கும் குமாஸ்தா பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

முதலில் ஓடியவள் வார்டுத் தலைவி கோ ஷியூமெய். ஆரஞ்சு நிற மேல்சட்டை. விழுந்தவரைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். தலையை நிமிர்த்தி வலது பக்கம் கையை நீட்டினாள்.

"கொன்னுட்டான்! அந்த வாத்தியான்தான் சாப்பாடு குடுத்தான்! கொன்னுட்டான்!"

* * *

இன்ஸ்பெக்டர் லியாவ் வந்தபோது மணி ஒன்று இருபது. ஜுவாங் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோயிருந்தார்.

லியாவ் அதிகம் பேச மாட்டாள். எதிரே இருப்பவன் பேசி முடித்த பிறகும் பேச மாட்டாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆட்கள் மேலும் மேலும் உளறுவார்கள். பதினெட்டு வருட சர்வீஸில் அவள் லத்தியைவிட அதிகம் உபயோகித்தது வாயை மூடிக்கொள்வதைத்தான்.

அவளுடைய உதவியாளன் சார்ஜன்ட் பெங். வாயை மூடவே தெரியாதவன்.

"அக்கா, ஆள் விழுந்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடியில சாப்பாட்டுப் பெட்டி கிடைச்சிருக்கு. மிச்ச சோத்துல பூச்சி மருந்து நாத்தம் குடலைப் பிடுங்குது. கறித் துண்டு மட்டும் சுத்தமா காலி. எலும்புதான் கிடக்கு."

லியாவ் குனிந்து பார்த்தாள். அட்டைப் பெட்டி. வறுத்த பன்றிக்கறித் துண்டின் எலும்பு. ஒரு நார்கூட மிச்சமில்லாமல் ஆசை ஆசையாகக் கடித்திருந்தது.

"பெட்டியைக் குடுத்தது யாரு?"

"அதுக்குப் போட்டோவே இருக்கு!"

பெங் கைபேசியை நீட்டினான். ஏதோ நிருபர் எடுத்த படம். ரயில் வேண்டும் என்று போராடும் வாத்தியார் யூ போவென் இரண்டு கைகளாலும் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுகிறார். ஜுவாங் இரண்டு கைகளாலும் வாங்குகிறார். கீழே தலைப்பு: எதிரிகள் கைகுலுக்கினர்.

"அரை மணி நேரத்துல தலைப்பை மாத்திட்டாங்க அக்கா. 'எதிரி விஷம் வைத்தான்'."

மண்டபத்தின் மூலையில் சுவரோடு சாய்த்து போவெனைப் போலீஸ்காரர்கள் மறைத்து நின்றார்கள். மஞ்சள் பட்டைகள் அவர்களை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன.

"வெளியில விடுங்கடா அவனை!"

"உன் பொண்ணு வேகமாப் போய்ச் செத்தா எங்க கடையை மூடணுமாடா?"

"தெருவுக்கு அஞ்சு வருஷம் பள்ளம் தோண்டுவானுங்க! அதுல உன்னைத்தான் முதல்ல பொதைக்கணும்!"

லியாவ் உள்ளே நுழைந்தாள். யாரையும் அதட்டவில்லை. முன்னால் நின்றவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும்.

போவெனுக்கு ஐம்பது வயது. சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். லியாவைப் பார்த்ததும் தலை குனிந்தார்.

"உங்க குரலை மறக்க முடியாது இன்ஸ்பெக்டர். நீங்கதான் அன்னிக்கு போன் பண்ணினீங்க."

லியாவுக்கும் நினைவிருந்தது. அப்போது போக்குவரத்துப் பிரிவில் இருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். யோங்ஷுன் சாலை முக்கில் திரும்பிய லாரி. பெற்றவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை அந்தப் பிரிவில் எல்லோரும் அவள் தலையில்தான் கட்டுவார்கள்.

"எதுக்கு சாப்பாடு குடுத்தீங்க சார்?"

"சமாதானத்துக்கு. காலையில அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார். எட்டு மாசத்துல முதல் தடவை. நகராட்சிக்காரங்க குடுத்த குவியல்ல இருந்து ஒரு பெட்டியை எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். மூடியைக்கூட நான் திறக்கல."

"போன மாசம், 'இந்த ரோட்டுலயே நீயும் சாவே'ன்னு மைக்குல அவரைச் சபிச்சிருக்கீங்க."

"ஆமாம். சபிச்சேன்." போவென் நிமிர்ந்தார். "என் பொண்ணு செத்த ரோட்டுல பார்க்கிங் போயிடும்னு அழுதாங்க. கோபம் வராதா உங்களுக்கு?"

  லியாவ் விலங்கை எடுத்தாள்.

"வெளியில இருந்தா உங்களை அடிச்சே கொன்னுடுவாங்க. கையை நீட்டுங்க சார்."

கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலை லியாவ் ஜென்மத்துக்கும் மன்னிக்கப் போவதில்லை.

வாசலில் ஷியூமெய் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. கண் சிவந்திருந்தது. ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது:

ரயில் சாகும்வரை சைவம்!

"எட்டு மாசமாச்சு இன்ஸ்பெக்டர்," என்றாள். "அம்மன் முன்னால பிறைக்கட்டை போட்டுக் குறி கேட்டு நேர்ந்துக்கிட்டேன். இந்தத் திட்டம் ரத்தாகற வரைக்கும் கறி மீனைத் தொட மாட்டேன்னு. மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அம்மன் சரின்னா."

"மத்தியானம் எங்கே இருந்தீங்க?"

"சின்ன ரூம்ல. என் சைவப் பெட்டியைச் சாப்பிட்டேன். கறி வாசனை ஆகாது எனக்கு. எப்பவும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். ஊருக்கே தெரியும்."

"ஜுவாங் கடைசியா உங்ககிட்ட என்ன பேசினார்?"

"வேற என்ன... இன்னிக்கு அந்த ரயிலுக்கு சமாதி கட்டிடறேன் தலைவரேன்னார்! 'முப்பத்தொண்ணு'ன்னு சொன்னாரே... இந்த ரயிலால மூடப்போற கடைங்க! அதைச் சொல்லும்போதே உயிர் போயிடுச்சே!"

அழுதாள். லியாவ் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே ஒரு சீட்டு: பன்றிக்கறி நூற்றுப்பத்தொன்பது, சைவம் ஒன்று. இருபது பெட்டிக்கு மேல் திறக்கப்படவே இல்லை.

"இத்தனை பேருக்குப் பசிக்கலையா?"

பெங் தோளைக் குலுக்கினான். "எதிர்க் கடையில நூடுல்ஸ் தின்னுட்டிருந்தாங்க அக்கா. நகராட்சிச் சோறுன்னா அவ்வளவு பாசம்!"

* * *

காரில் ஏறியதும் கைபேசி அலறியது. மேலதிகாரி.

"லியாவ்! அஞ்சு மணிக்கு ரயில் திட்டக் குழு முடிவு சொல்லணும். அதுக்குள்ள வாத்தியார் மேல கொலைக் கேஸ் எழுதிடு. திட்டத்தை வாபஸ் வாங்கிட்டா ஊர் அடங்கிடும்."

"சார், பரிசோதனை ரிப்போர்ட்டே வரல."

"போட்டோ இருக்கில்ல? ஊரே பார்த்துச்சில்ல? இன்னும் என்ன ரிப்போர்ட்?"

துண்டித்துவிட்டார்.

மணி இரண்டரை. வெயில் கொதித்தது. சிக்னலில் அவர்கள் காரைச் சுற்றி நூறு ஸ்கூட்டர்கள். ஒரு பெண் முன்னால் ஒரு குழந்தையை நிற்க வைத்து, பின்னால் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவே கால் ஊன்றியிருந்தாள்.

"நீ எந்தக் கட்சிடா பெங்?"

"நான் எங்க வீட்டுக்காரி கட்சி. அவ அம்மா வீடு நாப்பது கிலோமீட்டர். பஸ் மணிக்கு ஒண்ணு. அதுவும் டிரைவருக்கு மனசு வந்தா. ஸ்கூட்டர் இல்லாம இந்த ஊர்ல பொணம்கூட சுடுகாட்டுக்குப் போக முடியாது அக்கா. ரயில் நல்லதுதான். ஆனா ஸ்டேஷன்ல இறங்கி வீடு வரைக்கும் எவன் நடப்பான்? நடைபாதை பூரா ஸ்கூட்டர் நிக்குது!"

பச்சை விழுந்தது. நூறு ஸ்கூட்டர்களும் கத்திக்கொண்டு பாய்ந்தன. லாரி திரும்பியது. பெண் நூலிழையில் விலகினாள்.

லியாவ் பல்லைக் கடித்தாள். எட்டு மாதம் கத்தினார்கள். பார்க்கிங், தூசி, வியாபாரம், வரைபடம், ஓட்டு! நடுவே தினமும் இந்தச் சிக்னல் பச்சையாகிக்கொண்டே இருந்தது.

* * *

ஜுவாங்கின் கடை அந்தச் சிக்னல் முக்கிலேயே இருந்தது. கதவில் 'ரயில் வேண்டாம்' தட்டி. உள்ளே அவர் மனைவி லிச்சின் அழாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் எண்ணெய்த் துணி.

"வாத்தியாரைப் பிடிச்சிட்டீங்களாமே? நல்லா இருக்கு உங்க போலீஸ் மூளை!"

பெங் திடுக்கிட்டான். "என்னம்மா சொல்றீங்க? உங்க வீட்டுக்காரரோட எதிரிம்மா அவர்!"

"எழுந்திருங்க. பின்னால வாங்க. எதிரியைக் காட்டறேன்."

பட்டறையின் பின்சுவர். லிச்சின் விளக்கைப் போட்டாள்.

சுவர் முழுக்கக் கண்ணாடிகள்! ஸ்கூட்டர்களின் பக்கக் கண்ணாடிகள். சில உடைந்தவை. சில கீறல்கூட இல்லாதவை. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு தேதி. அத்தனையிலும் லியாவின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

லியாவ் எண்ணத் தொடங்கினாள்.

"எண்ணாதீங்க," என்றாள் லிச்சின். "முப்பத்தொண்ணு. இந்த முக்குல செத்தவங்க. நொறுங்கின வண்டியை இழுத்துட்டு வந்து பார்ட் பார்ட்டா கழட்டி வித்தது நாங்கதான். கண்ணாடியை மட்டும் அவர் விக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல. அவர் சொன்னதில்ல."

கடைசிக் கண்ணாடியின் தேதி லியாவுக்குத் தெரியும். போவெனின் மகள்.

 

"இதைப் படிங்க," லிச்சின் ஒரு தாளை நீட்டினாள். "காலையில எழுந்ததும் காலண்டரைக் கிழிச்சார். அது பின்னாலயே எழுதினார். மனப்பாடம் பண்ணிட்டேன், பேப்பர் வேணாம்னுட்டுக் கிளம்பிட்டார்."

மெக்கானிக்கின் கோணல் எழுத்து.

'என் கடை வாசலில் முப்பத்தொரு பேர். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கொண்டே ரயிலை எதிர்த்தேன். இதுக்கு மேல எண்ண என்னால் முடியாது. ரயில் வந்தால் என் கடை மூடும். மூடட்டும். வாத்தியார் சார், மன்னியுங்கள்.'

"கட்சி மாறிட்டாரா!" பெங் வாயைப் பிளந்தான்.

"இது யாருக்குத் தெரியும்?" லியாவின் குரல் இறங்கியது.

"ஒரே ஒருத்தருக்குத்தான். முதுகுல குத்தக் கூடாதுன்னு நேத்து சாயங்காலம் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தார்."

"யாருகிட்ட?"

லிச்சின் பெயரைச் சொன்னாள்.

லியாவ் தாளைத் திருப்பினாள். முன்பக்கம் இன்றைய தேதி, பெரிய எழுத்தில். அதன் கீழே சிறிய சிவப்பு எழுத்தில் சந்திரக் கணக்கு.

பதினைந்து. பௌர்ணமி!

"உங்க வீட்டுக்காரர் பதினஞ்சாம் நாள் விரதமாம்மா?"

"மாசம் ரெண்டு நாள். ஒண்ணாம் நாளும் பதினஞ்சாம் நாளும். தலையை வெட்டினாலும் கறி தொட மாட்டார். ஏன் கேக்கறீங்க?"

லியாவ் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள்.

திறக்காத இருபது பெட்டிகள்! எதிர்க் கடையில் நூடுல்ஸ்! பௌர்ணமி என்று தெரியாமல் ஊருக்கே பன்றிக்கறி வாங்கிய நகராட்சி! சர்ச்சுக்குப் போகிற போவெனுக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. அவர் குடுத்தார். ஜுவாங் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். தின்னவில்லை!

"பெங்! அப்போ அந்தக் கறியைத் தின்னது யாருடா?"

அதே நேரம் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"இன்ஸ்பெக்டர், வயித்தை அறுத்துப் பார்த்ததுல சோறு, காளான், தாமரைக்கிழங்கு. கறி ஒரு துணுக்குகூட இல்ல. விஷம் இதுலதான் கலந்திருக்கு."

"நன்றி டாக்டர்," என்றாள் லியாவ். "பெங், சாப்பாட்டுக் கடைக்கு போன் போடு. அந்த ஒத்தை சைவப் பெட்டியில என்ன வச்சாங்கன்னு கேளு. வண்டியை எடு!"

* * *

நாலு இருபது.

கோயில் படியில் நின்று ஷியூமெய் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தாள். கீழே முந்நூறு பேர்.

"ஜுவாங் அண்ணன் பொணத்து மேல தண்டவாளம் போட விடுவோமா?"

"விடமாட்டோம்!"

"அஞ்சு மணிக்கு நல்ல சேதி வரும்! அம்மன் கைவிட மாட்டா!"

லியாவ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியேறினாள். பெங் வாசலிலேயே நின்றுவிட்டான். ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு ஸ்கூட்டரின் பக்கத்தில்.

"தலைவரம்மா, ஒரு சின்ன சந்தேகம்."

"வாங்க இன்ஸ்பெக்டர். மைக்கிலேயே கேளுங்க. எனக்கு ரகசியம் கிடையாது."

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

கூட்டம் சிரித்தது. ஷியூமெய் முதுகைத் திருப்பிக் காட்டினாள். "படிச்சுப் பாருங்க! சைவப் பெட்டி!"

"தாமரைக்கிழங்கு எப்படி இருந்துச்சு?"

"ம்... நல்லா இருந்துச்சு."

"எப்படி இருக்கும்? மொத்தமே ஒரு சைவப் பெட்டிதான் வந்துச்சு. அந்தத் தாமரைக்கிழங்கு ஜுவாங் வயித்துல இருந்து வந்திருக்கு. விஷத்தோட!"

சிரிப்பு அறுந்தது.

ஷியூமெய் ஒரே ஒரு கணம் தடுமாறினாள். அரசியலில் இருபது வருடம்! மறுகணம் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்... அண்ணன் பௌர்ணமி விரதம். பாவம், பேசணுமேன்னு என் பெட்டியை நான்தான் குடுத்தேன்! பெட்டி மேல என் பேரு! ஜனங்களே, அந்த விஷம் எனக்கு வச்சது! என்னைக் கொல்லப் பார்த்திருக்கானுங்க!"

கூட்டம் கொதித்தது. "தலைவரம்மா வாழ்க!" ஒரு செருப்பு லியாவின் தோளை உரசிக்கொண்டு பறந்தது.

லியாவ் அசையவில்லை. பேசவும் இல்லை. கத்தல் ஓயும் வரை ஷியூமெயின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்தது. அதற்குப் பிறகும் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?" ஷியூமெயின் குரல் கீச்சிட்டது.

"அப்போ நீங்க பட்டினி?"

"பட்டினிதான்! பச்சைத் தண்ணி குடிக்கல!"

லியாவ் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து உயர்த்தினாள். உள்ளே எலும்பு.

"வாத்தியார் குடுத்த பெட்டியில இருந்தது. ஜுவாங் கறி தொடலை. ஆனா கறியைக் காணோம். யாரோ நல்லா ரசிச்சுத் தின்னிருக்காங்க. எச்சில் பூரா அப்படியே இருக்கு."

"எவனோ தின்னிருப்பான்! எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதில்ல? அப்போ ஒரே ஒரு காரியம் பண்ணுங்க." லியாவ் அம்மன் சன்னதியைக் காட்டினாள். "எட்டு மாசம் முன்னால நேர்ந்துக்கிட்ட அதே இடம். கட்டையை எடுங்க. 'இன்னிக்கு நான் பன்றிக்கறி தின்னலை தாயே'ன்னு சொல்லிப் போடுங்க. கொலையைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கல."

கூட்டம் மூச்சைப் பிடித்தது. யாரோ ஒரு கிழவர் சொன்னார்: "போடு தலைவரம்மா. போட்டு இவ மூக்கை உடை!"

ஷியூமெய் சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் அம்மன் ஆம் என்கிறாள். இரண்டும் மல்லாந்தால் சிரிக்கிறாள். ஷியூமெயின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.  

கட்டைகள் தாமாகவே நழுவின.

டொக்! டொக்!

இரண்டும் மல்லாந்து கிடந்தன.

"அம்மன் சிரிக்கறா..." கிழவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் இருந்தது.

"சிரிக்காம என்ன செய்வா?" லியாவின் கோபம் இப்போதுதான் வெளியே வந்தது. எட்டு மாதக் கோபம்! பெற்றவர்களுக்குப் பண்ணின அத்தனை போன் கோபம்! "ரயில் சாகும்வரை சைவம்னு நேர்ந்துக்கிட்டீங்க. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ரயில் நல்லாத்தானே இருந்துச்சு? அப்புறம் எப்படித் துணிஞ்சு விரதத்தை முறிச்சீங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல அது செத்துடும்னு அந்த நேரத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். கொல்லப் போறவங்களுக்கு!"

ஷியூமெய் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் பட்டை அவிழ்ந்து கீழே விழுந்தது.

வாசலில் 'டக்'கென்று ஒரு சத்தம். ஷியூமெயின் ஸ்கூட்டர் சீட் திறக்கிற சத்தம்.

"அக்கா!" பெங் கத்தினான். "ஊர்ல எல்லாரும் எல்லாத்தையும் வைக்கிற இடத்துலதான் வச்சிருக்காங்க! மழைக்கோட்டுக்கு அடியில! சைவப் பெட்டி, இவங்க பேரோட! கூடவே ஒரு மருந்து பாட்டில்!"

"ஆமாம்! நான்தான்!" ஷியூமெய் வெடித்தாள். ஒலிபெருக்கி இன்னும் கையில்தான் இருந்தது. ஊர் முழுக்க எதிரொலித்தது. "துரோகி! எட்டு மாசம் அவன் பின்னால அலைஞ்சேன்! கடைசி நாள்ல கட்சி மாறுவானாம்! நாய்கூட நடக்காத வெயில்ல எவன் நடந்து வந்து ரயில் ஏறுவான்? ரோட்டைத் தோண்டினா என் வார்டு அஞ்சு வருஷம் சாகும்! அவன் ஒருத்தன் செத்தா என்ன? அவனுக்கு என் பெட்டியைக் குடுத்துட்டு, வாத்தியான் குடுத்த பெட்டியை வேற யாருக்காவது தரேன்னு வாங்கிக்கிட்டேன். அந்தச் சோத்துலயும் மருந்தைக் கலந்தேன். அவன் விழுந்ததும் கட்டிப்பிடிச்சு அழுதேனே... அப்போதான் பெட்டியை மாத்தினேன்! சட்டைக்குள்ள ஒண்ணு போச்சு, இன்னொண்ணு வந்துச்சு! ஒருத்தனும் பார்க்கல!"

யாரும் வாழ்க சொல்லவில்லை.

லியாவ் காவலில் இருந்த போவெனை வரவழைத்து விலங்கைக் கழற்றினாள். அதே விலங்கு ஷியூமெயின் கையில் ஏறியது.

* * *

ஐந்து மணிக்குக் குழு முடிவு சொல்லவில்லை. இன்னொரு நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்கு மட்டும் அவர்களுக்கு எப்போதும் நேரம் இருந்தது!

மண்டபத்தில் கூட்டம் கலைவதற்கு முன் லிச்சின் மைக்குக்கு வந்தாள். காலண்டர் தாளைத் திருப்பிப் படித்தாள். எழுத்துக் கூட்டி, மெல்ல. இரண்டு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. நான்கு ஆனது. நேரம் பார்க்கும் குமாஸ்தா மணியைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கத்திலிருந்து போவென் எழுந்து நின்றார். இடது பக்கத்திலிருந்து நாலைந்து பேர். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இந்த ரோடு கொன்னது இப்போ முப்பத்திரண்டு," என்றாள் லியாவ், யாரிடமும் இல்லாமல். காரை நோக்கி நடந்தாள்.

பின் சீட்டில் ஷியூமெய். முன்னால் பெங். வண்டி அதே சிக்னலில் நின்றது. சுற்றிலும் அதே ஸ்கூட்டர்கள்.

"ஒண்ணு மட்டும் புரியல தலைவரம்மா," பெங் திரும்பினான். "அந்தக் கறித் துண்டைக் குப்பையில போட்டிருக்கலாமே? எங்களுக்கு ஒரு எலும்புகூடக் கிடைச்சிருக்காதே!"

ஷியூமெய் ஜன்னலைப் பார்த்தாள். ரொம்ப தூரம் வரை பார்த்தாள்.

"சூடா இருந்துச்சு..." என்றாள். "எட்டு மாசம் தம்பி. ரயில்தான் இன்னிக்குச் சாகப்போகுதே, அரை மணி முன்னப்பின்ன ஆனா அம்மன் கோவிச்சுக்க மாட்டான்னு..."

லியாவ் அதைக் குறித்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டர்... கொலையை ஒத்துக்கறேன். எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தக் கறி விஷயம் மட்டும் பேப்பர்ல வராம பார்த்துக்குங்க. ஜனங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பச்சை விழுந்தது. பெங் கியரைப் போட்டான்.

"கவலையே படாதீங்க தலைவரம்மா. ஜெயில்ல சைவச் சாப்பாடு கேட்டா குடுப்பாங்க... பெட்டியை மட்டும் பக்கத்து ஆளுக்குக் குடுத்துடாதீங்க!"